ஒரே தூரம், வேறு வேறு நேரம்: சிங்கப்பூர் – நியூயார்க்

ஞாயிறு, சிங்கப்பூர்

நாளை இரவு நியூயார்க் கிளம்புகிறேன். நடுவில் எங்கும் இறங்காத விமானம். இன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கும் தடங்களில் உலகிலேயே நீளமானது இதுதான். வேலையாகத்தான் போகிறேன். ஆனாலும் இந்தத் தடத்தில் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அதனால் இந்தக் குறிப்புகளில் ஊர் சுற்றிப் பார்த்த கதை அதிகம் இருக்காது. பறந்த தூரமும் அதற்கு ஆன நேரமும்தான் இருக்கும்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் கேட்டால் நொடியில் ஓர் எண் வந்து விழுகிறது. கூடவே பயண நேரமும் வருகிறது. தூரத்தை நம்பலாம். நேரத்தை அப்படியே நம்ப முடியாது. பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கி.மீ. என்ற ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

தூரத்தை நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இந்த இரண்டு ஊர்களுக்கும் அது வியக்கத்தக்க அளவு எளிதாக இருக்கிறது. சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 பாகையில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜேஎஃப்கே 40.64 பாகையில். தீர்க்கரேகையில் சாங்கி கிழக்கே 103.99, ஜேஎஃப்கே மேற்கே 73.78. இரண்டையும் கூட்டினால் 177.77. இது 180 ஆக இருந்திருந்தால் இரண்டு ஊர்களும் வடதுருவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒரே கோட்டில் அமைந்திருக்கும். கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கின்றன.

அப்படியானால் கணக்கு சுலபம். சாங்கியிலிருந்து துருவம் வரை 90-இல் 1.36 போக 88.64 பாகை. துருவத்திலிருந்து ஜேஎஃப்கே வரை 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் ஏறக்குறைய 15,346 கி.மீ. வருகிறது. கணினி தருவது 15,349. பள்ளிக்கூடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்தில் வந்து நின்றதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி.

பூமி உருண்டையின் மேல் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அவற்றுக்கு இடையே அதிகபட்சம் சுமார் 20,000 கி.மீ.தான் இருக்க முடியும். அதற்கு மேல் போனால் மறுபக்கமாகக் கிட்டே வர ஆரம்பித்துவிடுவோம். அந்த 20,000-இல் முக்கால் பங்குக்கும் மேல் இந்த ஒரே பயணத்தில் கடக்கிறது.

திங்கள், சாங்கி

இந்தக் குறுக்குவழி வடதுருவத்துக்கு 300 கி.மீ.க்கும் உள்ளே போகிறது. ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கின் வடபகுதியைக் கடந்து, வட அமெரிக்காவின் மேல் இறங்கிப் போகிறது. தூரம் கூடுகிறது. 2018-இல் நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கான சேவையை அறிவித்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன பறக்கும் தூரம் 16,700 கி.மீ. இணையம் சொல்லும் தூரத்தைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அதிகம். தெரிந்தே சுற்றிப் போகிறார்கள், காற்றுக்காக. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தத் தடம் புதிதல்ல. 2004-இலேயே நியூவார்க்குக்கு ஏ340-500 விமானத்தில் நேரடிச் சேவை தொடங்கினார்கள். அதற்கு நான்கு எஞ்சின், எரிபொருள் நிறையக் குடிக்கும். 2013-இல் நிறுத்தினார்கள். பிறகு மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த, இரண்டு எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் வந்தது, 2018 அக்டோபரில் சேவை மறுபடி தொடங்கியது. ஜேஎஃப்கேக்கு 2020 நவம்பரிலிருந்து பறக்கிறார்கள்.

இதன் தொட்டிகள் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடை போட்டால் சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். ஏறக்குறைய பாதி எடை எரிபொருள்! அதனால்தான் இதில் சாதாரண வகுப்பே கிடையாது. மொத்தமே 161 இருக்கைகள். ஆட்களைக் குறைத்துத்தான் இந்த தூரத்தை வாங்கியிருக்கிறார்கள். விமானிகள் நான்கு பேர், முறை வைத்து ஓய்வெடுப்பார்கள்.

கேட்டை விட்டு நகர்ந்தபோது இரவு 11.50. கைக்கடிகாரத்தை மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

செவ்வாய், வானில்

கிளம்பி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, விடிந்துவிட்டது. சூரியன் வரும் திசையை நோக்கியே போவதால் இரவு பாதியில் முடிந்துவிடுகிறது. கீழே ஜப்பானின் தெற்குத் தீவுகள்.

எதிரே உள்ள திரையில் வரைபடத்தை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். ஜன்னல் இருக்கையில் வயதான ஒரு அம்மா. மகளைப் பார்க்கப் போகிறார். அவரும் படம் எதுவும் பார்க்கவில்லை, வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். “தம்பி, வேகம் ஆயிரத்த தாண்டிடுச்சு பாருங்க” என்று காட்டினார். தாண்டித்தான் இருந்தது. தரைவேகம், அதாவது தரையை வைத்துப் பார்த்த வேகம், மணிக்கு 1,085 கி.மீ. அதற்குக் கீழே பின்காற்று 180. வெளியே வெப்பநிலை கழித்தல் 56.

அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கி.மீ. இந்த விமானம் அதில் 0.85 பங்கு வேகத்தில், அதாவது ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் போகிறது. எஞ்சின் தருவது அவ்வளவுதான். மீதி 180 இனாம். விமானம் மிதக்கும் காற்று முழுவதுமே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெட் ஸ்ட்ரீம் என்கிற இந்தக் காற்றாறு 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. வெப்பமண்டலத்துச் சூடான காற்றுக்கும் துருவத்துக் குளிர்ந்த காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசம்தான் அதைக் கிளப்பிவிடுகிறது. கிழக்கே திருப்பிவிடுவது பூமியின் சுழற்சி. குளிர்காலத்தில் வித்தியாசம் அதிகம், காற்றும் அதிகம். ஜப்பானுக்கு மேலே அது மிக வேகமாக ஓடும் இடங்களில் ஒன்று.

அதை முதலில் அளந்து எழுதியவரும் ஒரு ஜப்பானியர்தான். வசாபுரோ ஓய்ஷி. 1920-களில் ததேனோ என்ற இடத்தில் இருந்த ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே போகப் போகக் காற்று மிரட்டும் வேகத்தில் அடிப்பதைக் கண்டார். உலகம் முழுதும் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகத்துக்கே பொதுமொழியாகட்டும் என்று உருவாக்கிய, ஆனால் சிலரே கற்ற மொழி அது. அதனாலேயே வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1944-இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானுக்கு மேல் உயரத்தில் பறந்து, காற்றில் குறி தவறித் தடுமாறிய பிறகுதான் பலருக்கும் அது உறைத்தது. இன்று நாம் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இறங்குவதற்கு அடிப்படை போட்ட மனிதரின் பெயர் இன்னும் அதிகம் பேருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் திரையில் பார்க்கலாம். கிளம்பியதும் 31,000 அடியில் நிலைகொண்ட விமானம் இப்போது 35,000-இல் இருக்கிறது. எரிபொருள் தீரத் தீர எடை குறையும். அதற்கேற்ப படிப்படியாக மேலே ஏற்றுகிறார்கள்.

திங்கள், மறுபடியும்

தேதிக்கோட்டைக் கடந்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை மதியமாக இருந்தது திங்கட்கிழமை மதியமாகிவிட்டது.

பக்கத்து இருக்கை அம்மாவுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. நாளுக்கு ஒரு மாத்திரை போடுகிறார். “செவ்வாய்க்கிழமை மாத்திரைய காலைலயே போட்டுட்டேன். இப்ப திங்கள்னு சொல்றீங்க. நாளைக்கு மறுபடி செவ்வாய் வரும். அப்ப என்ன பண்ணுறது தம்பி?” என்றார். கேட்டுவிட்டு அவரே கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அவருடைய மருத்துவர் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: கிழமையைப் பார்க்க வேண்டாம், 24 மணி நேரம் ஆகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். கீழே மகளின் ஊர் நேரமும் அவருடைய ஊர் நேரமும் பக்கத்தில் பக்கத்தில். நீண்ட தூரம் போகிற வயதானவர்கள் எல்லோரும் கிளம்பும் முன் தங்கள் மருத்துவரிடம் இப்படி ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தேதிக்கோடு எந்த ஒப்பந்தத்திலும் வரைந்து வைத்த கோடு இல்லை. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சை முதல் தீர்க்கரேகை என்று பரிந்துரைத்தது. அதற்கு நேர் எதிரே 180 பாகையை ஒட்டி, அந்தந்த நாடுகளின் வசதிப்படி வளைந்து வளைந்து போகிறது இந்தக் கோடு. 2011 டிசம்பரில் சமோவா கோட்டுக்கு அந்தப் பக்கம் மாறியபோது அந்த நாட்டில் 30-ஆம் தேதி என்ற ஒன்றே வரவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. அலாஸ்காவின் தென்கரை தொலைவில் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. பகல் எட்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இனி இன்னொரு இரவு.

செவ்வாய், இரண்டாம் முறை. நியூயார்க்

காலை 6.10-க்கு கேட்டில் வந்து நின்றோம். புறப்பட்ட கேட்டிலிருந்து இங்கே வரை 18 மணி 20 நிமிடம். வானில் இருந்தது 17 மணி 40 நிமிடம். மீதி நாற்பது நிமிடம் தரையில் ஊர்ந்தது. பயணச்சீட்டில் போடுகிற நேரம் எப்போதும் கேட்டிலிருந்து கேட் வரைதான். அதற்குள் ஓடுபாதையில் வரிசை நிற்பதற்கும் சேர்த்து இடம் விட்டிருப்பார்கள். முன்னதாக வந்துவிட்டோம் என்று அறிவிப்பு வரும்போது அந்தக் கூடுதல் நிமிடங்கள்தான் அதில் பாதி.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 6.10. கிளம்பியதிலிருந்து முள்ளைத் தொடவே இல்லை. மார்ச் மாத நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருப்பார்கள். அந்த மாதங்களில் சிங்கப்பூருக்கும் இதற்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். ஏப்ரலில் வந்ததால் முள் கடிகாரத்தில் மாற்ற எதுவுமே இல்லை. அங்கே மாலை, இங்கே காலை, முள் மட்டும் ஒரே இடத்தில்.

உடம்பின் கடிகாரத்தை அப்படி விட முடியாது. அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும் என்பார்கள். வெயிலில் நடக்கப் போகிறேன். கண்ணில் காலை வெளிச்சம் படுவதுதான் அதற்கு நல்ல மருந்து.

வெள்ளி, நியூயார்க்

நடுவில் இரண்டு நாளும் வேலை. அதிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பகுதியைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: போகும்போது காற்று தள்ளிவிடுகிறது, வரும்போது தடுக்கிறது, கடைசியில் இரண்டும் சமமாகிவிடாதா? ஆகாது. 9,000 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 900 கி.மீ. வேகத்தில் போக 10 மணி, வர 10 மணி. இப்போது 100 கி.மீ. காற்று அடிக்கிறது. போகும்போது வேகம் 1,000, ஆக 9 மணி நேரம். திரும்பும்போது 800, ஆக 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் நிற்கிறோம், அதனால் நஷ்டம்தான் எப்போதும் பெரிது.

இந்த ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். ஜேஎஃப்கேயிலிருந்து லண்டன் சுமார் 5,550 கி.மீ. சாதாரணமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வந்தபோது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 அதை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. ஒரு கட்டத்தில் தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. அதே நாட்களில் எதிர்த்திசையில் வந்தவர்கள் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் ஓர் அடிகூட மாறவில்லை.

காற்று மட்டுமல்ல, அரசியலும் நேரத்தை மாற்றும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேல் பறந்தால் சுமார் ஒன்பதரை மணி நேரம். 2022-இல் ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்ட பிறகு ஃபின்ஏர் விமானங்கள் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் பறக்கின்றன. சிலது துருவத்தின் மேல் போகின்றன, சிலது தெற்கே வளைந்து போகின்றன. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

ஞாயிறு இரவு, ஜேஎஃப்கே

வந்த வழியே திரும்பப் போனால் பசிபிக்கில் அந்தக் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். அதனால் திரும்பும் விமானமும் கிழக்கேதான் போகிறது! அட்லாண்டிக், ஐரோப்பா, காஸ்பியன் கடல், இந்தியா, வங்காள விரிகுடா என்று போய்ச் சிங்கப்பூரில் இறங்கும். இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு தடவையும் பின்காற்றோடு போகலாம். ஒரு பயணம் போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தாயிற்று. இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய பரிசு இதுதான்.

கேட்டை விட்டு நகர்ந்தது 10.20.

திங்கள், வானில்

அயர்லாந்தை நெருங்கும்போது விடிந்தது. காஸ்பியனைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிட்டது. இந்தத் திங்கட்கிழமையில் எனக்கு வாய்த்த பகல் முழுதும் இந்த ஜன்னலுக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிட்டது.

உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், ரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு. ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம் வரை நடந்து வருகிறேன். அங்கே நின்றுகொண்டு பேசும்போது ஒருவரிடம் கொக்கலா கதையைச் சொன்னேன். நம் இலங்கை வாசகர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 1943 முதல் 1945 வரை, போரின் நடுவே, ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் காலி நகருக்கு அருகே உள்ள கொக்கலா ஏரிக்கும் இடையே குவாண்டாஸ் கடல் விமானங்கள் பறந்தன. எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதால் வானொலித் தொடர்பு இல்லை, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம்! வழியில் இரண்டு முறை சூரிய உதயம் பார்த்துவிடுவார்கள். இரட்டை உதயம் கண்டவர் என்று பயணிகளுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். என் 18 மணி நேரத்தை அதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சுகமான பயணம் என்று தெரிகிறது.

செவ்வாய், சிங்கப்பூர்

அதிகாலை 5.10-க்கு கேட்டில் நின்றோம். 18 மணி 50 நிமிடம். வானில் மட்டும் 18 மணி 5 நிமிடம். போனபோது ஆனதைவிட அரை மணி நேரம் அதிகம். பின்காற்று இந்தப் பக்கமும் இருந்தது. ஆனால் கடைசி நான்கைந்து மணி நேரம் வெப்பமண்டலத்துக்குள் பறக்கும்போது அந்த ஆறு வடக்கே ஒதுங்கிவிட்டது. திரையில் தரைவேகம் 900-க்குச் சற்று மேலும் கீழுமாகவே நின்றது.

கிழக்கே ஒரு முழுச் சுற்று சுற்றியதால், இந்த நாட்களில் சிங்கப்பூரிலேயே இருந்தவர்களைவிட நான் ஒரு விடியல் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். மாகெல்லனின் ஆட்கள் மேற்கே சுற்றி 1522 ஜூலையில் கேப் வெர்டே வந்தபோது அவர்களுக்கு இது தலைகீழாக நடந்தது. தங்கள் கணக்கில் புதன்கிழமை, கரையில் வியாழன். நாள் தவறாமல் குறிப்பு எழுதி வந்த பிகாஃபெட்டா அதைக் கேட்டுத் திகைத்துப்போனார். தேதிக்கோடு என்ற ஏற்பாடு இல்லாத காலம் அது.

சரி, உங்கள் பயணத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரிய வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். தூரத்தை 900-ஆல் வகுக்க வேண்டாம். நீங்கள் போகப்போகும் விமானத்தின் எண்ணை விமானங்களைப் பின்தொடரும் ஏதாவது ஒரு தளத்தில் போட்டு, கடந்த ஒரு வாரத்தில் அது வானில் எவ்வளவு நேரம் இருந்தது என்று பாருங்கள். பயணம் வேறு பருவத்தில் என்றால், போன ஆண்டின் அதே மாதக் கால அட்டவணை கிடைத்தால் அதையும் பாருங்கள். இறங்கி அடுத்த விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் அந்த வாரத்திலேயே அதிக நேரம் எடுத்த நாளைக் கணக்கில் வைத்து இடைவெளி விடுங்கள்.